ரோஷ் எக்ரித் மலைக்காட்டுக்கு ஒரு நாள் நடை: ரீயூனியனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் இருக்கும் இந்த மலைக்கு நான் மூன்று தடவை கிளம்பினேன். உச்சியிலிருந்து எதையாவது பார்த்தது ஒரே ஒரு தடவைதான். முதல் தடவை ஞாயிற்றுக்கிழமைதானே என்று நிதானமாக இட்லி சாப்பிட்டு, காபி குடித்து, ஒன்பதரை மணிக்குக் காரை நிறுத்திவிட்டு ஏற ஆரம்பித்தேன். மூன்றரை மணி நேரம் மூச்சு வாங்க ஏறி மேலே போனால், எதிரே வெள்ளைத் துணியைக் கட்டி விட்டது போல மேகம், என் ஷூ முனை மட்டும்தான் தெரிந்தது. இரண்டாம் தடவை பாதை தொடங்கும் இடத்திலேயே 'மூடப்பட்டுள்ளது' பலகை. மூன்றாம் தடவைதான் எல்லாம் சரியாக அமைந்தது. அதற்குள் ஒரு கார் கண்ணாடியும் கொஞ்சம் யூரோவும் போய்விட்டன. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தீவின் தலைநகரான சேன் தெனியில் இருந்தபடியே, வேறு ஊரில் தங்காமல், ஒரே பகலில் போய்த் திரும்பக்கூடிய பெரிய மலை நடை இதுதான். உச்சி 2,276 மீட்டர். கார் நிறுத்தும் மாமோத் கான் சுமார் 1,200 மீட்டரில் இருக்கிறது, ஆக மொத்தம் ஏறக்குறைய 1,100 மீட்டர் ஏற்றம். போக வர 18 முதல் 20 கிலோமீட்டர். பாறை ஏறும் வித்தை எதுவும் தேவையில்லை, கயிறு தேவையில்லை. ஆனால் நீளம். தினமும் மாடிப்படி ஏறுவதே பெரிய உடற்பயிற்சி என்று இருப்பவர்கள் ஒரு மாதம் முன்பே கொஞ்சம் நடந்து பழகிக்கொள்ளுங்கள்.

1. மாதத்தையும் கிழமையையும் தேர்ந்தெடுப்பது

மே முதல் நவம்பர் பாதி வரை நல்லது. நவம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை புயல் காலம். நம்மவர்கள் பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் விடுமுறை எடுக்கிறோம், ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் அப்போதுதான் வருகிறார்கள், வந்த ஆளை மலைக்குக் கூட்டிப் போகலாம் என்று தோன்றும். அந்த மாதங்கள்தான் இங்கே மோசமானவை. 2024 ஜனவரியில் பெலால் புயலும், 2025 பிப்ரவரி கடைசியில் காரான்ஸ் புயலும் வந்தன. புயல் போன பிறகும் மரம் விழுந்து, மண் சரிந்து, பாதைகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும். வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மழை குறைவு, குளிர் அதிகம். கணக்கு சுலபம்: ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். கீழே கடற்கரையில் அரைக்கைச் சட்டையோடு நிற்கும் அதே காலையில் உச்சியில் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கலாம், அதோடு காற்று வேறு.

கிழமை என்றால் வார நாள் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு என்றால் இந்தத் தீவே பெரிய பெரிய பாத்திரத்தில் சோறும் காரியும் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடும். ஐந்து மணிக்குப் போனால் நிறுத்த இடம் இருக்கும், எட்டு மணிக்கு மேல் சாலையோரம்தான்.

2. முந்தின நாள் மாலை: பாதை திறந்திருக்கிறதா?

நான் சறுக்கிய இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் ஊரில் காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும், பணம் கட்டவேண்டும். இங்கே அனுமதிச் சீட்டும் கிடையாது, நுழைவுக் கட்டணமும் கிடையாது. தேசியப் பூங்காவின் நடுப்பகுதிக்குள் போகிறீர்கள், யாரும் உங்களை நிறுத்திக் கேட்கமாட்டார்கள். அதனாலேயே பாதை எப்போதும் திறந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். தவறு. பாதைகளைப் பராமரிப்பது ஓ.என்.எஃப். எனப்படும் பிரெஞ்சு வனத்துறை அலுவலகம். எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, எது பாதி மட்டும் திறந்திருக்கிறது என்ற பட்டியலை இணையத்தில் அவர்கள் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். மூடும் உத்தரவு அரசாங்க ஆணையாக வரும், மீறி நடந்தால் அபராதம் உண்டு.

பட்டியலில் நீங்கள் தேடவேண்டிய சொற்கள் இவை: பாதை என்பதற்கு 'சந்தியே', மூடியது என்பதற்கு 'ஃபெர்மே', திறந்தது என்பதற்கு 'ஊவேர்'. 'எந்தெர்தி' என்று பலகையில் எழுதியிருந்தால் தடை என்று பொருள், அதைத் தாண்டிப் போகவேண்டாம். ரோஷ் எக்ரித்துக்கு வேறு பக்கங்களிலிருந்தும் பாதைகள் உண்டு, ஒன்று மூடியிருக்கும்போது இன்னொன்று திறந்திருக்கும். அதனால் மலையின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், மாமோத் கான் பாதை என்று சரியாகப் பாருங்கள். போன வாரம் போய்வந்த நண்பர் சொன்னார் என்று கிளம்புவது போதாது. என் இரண்டாம் தடவை அப்படித்தான் வீணானது.

அதே கையோடு பிரெஞ்சு வானிலை அலுவலகமான மெத்தேயோ ஃபிரான்ஸ் அறிக்கையும் பாருங்கள். சேன் தெனி நகர வானிலை உங்களுக்கு உதவாது, மலை மேல் என்ன என்று தனியாகப் பார்க்கவேண்டும். புயலுக்கு மஞ்சள் முன்னெச்சரிக்கை வந்துவிட்டாலே நடையைத் தள்ளிப்போடுங்கள். ஆரஞ்சு வரும்போது பள்ளிக்கூடமே மூடிவிடும், அதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

3. காகிதங்கள்

நடைக்கென்று எதுவும் தேவையில்லை என்றேன், ஆனால் உங்களிடம் இருக்க வேண்டியவை இருக்கின்றன. பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டை, அசலை வீட்டில் வைத்துவிட்டு நகல் போதும் என்று நினைக்காதீர்கள், காரோட்டும்போது காவலர் நிறுத்தினால் அசல்தான் வேலைக்கு ஆகும். சமூகக் காப்பு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் பையில் போடுங்கள். மழையில் நனையாமல் இருக்க எல்லாவற்றையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போடவேண்டும்.

ஊரிலிருந்து உறவினரை அழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரீயூனியன் பிரான்ஸ்தான், யூரோதான் செல்லும், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸுக்கு எடுத்த ஷெங்கன் விசா தானாக இங்கே செல்லாது. விண்ணப்பிக்கும்போதே ரீயூனியன் என்று குறிப்பிட்டிருக்கவேண்டும். விமான நிலையத்தில் இது தெரிந்து விழித்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச உரிமத்தையும் சேர்த்து எடுத்துவாருங்கள். இங்கே குடியேறிவிட்டவர்களுக்கு அந்த உரிமம் பொதுவாக ஓராண்டுதான் செல்லும், பிறகு பிரெஞ்சு உரிமம் எடுக்கவேண்டும்.

4. மேலே போவது எப்படி, எவ்வளவு ஆகும்

நகரப் பேருந்து லெ புரூலே ஊர் வரை ஏறுகிறது. ஆனால் விடியற்காலை ஐந்துக்குப் பாதை தொடங்கும் இடத்தில் உங்களை எந்தப் பேருந்தும் இறக்கிவிடாது. வளைவுக்கு மேல் வளைவாக ஏறி, லெ புரூலே தாண்டி, காட்டுச் சாலையில் கடைசி வரை போனால் மாமோத் கான். நகர நடுவிலிருந்து முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் மூடுபனி இருந்தால் இன்னும் கூட. வாந்தி வருகிறவர்கள் முன் இருக்கையில் உட்காருங்கள்.

கார் இல்லாதவர்கள் வாடகைக்கு எடுக்கவேண்டும். நான் ஒரு நாளுக்கு 45 யூரோ கொடுத்தேன், பள்ளி விடுமுறை நாட்களில் ஏறும். மூன்று பேர் சேர்ந்து எடுத்தால் வலிக்காது. இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, முன்பணப் பிடித்தத்துக்குக் கடன் அட்டைதான் கேட்பார்கள், சாதாரண வங்கி அட்டையைப் பல இடங்களில் ஏற்கமாட்டார்கள், அதுவும் ஓட்டுகிறவர் பெயரிலேயே இருக்கவேண்டும். இரண்டாவது, 'முழுக் காப்பீடு' என்று வாயால் சொன்னாலும் கண்ணாடியும் டயரும் அதில் இருக்கிறதா என்று தாளில் பாருங்கள். நான் பார்க்கவில்லை. பின் இருக்கையில் ஒரு ஜாக்கெட்டை மட்டும்தான் விட்டுவிட்டுப் போனேன், திரும்பி வந்தபோது பக்கவாட்டுக் கண்ணாடி தூள்தூளாகக் கிடந்தது, ஜாக்கெட் அப்படியே இருந்தது. அதற்கடியில் ஏதாவது இருக்கும் என்று நினைத்திருப்பான் போலும். 180 யூரோ என் கையிலிருந்து. காருக்குள் ஒரு காலிப் பைகூடத் தெரியக்கூடாது. இங்கே வந்து சேர்ந்தபிறகு டிக்கியைத் திறந்து பொருளை உள்ளே வைப்பதும் வேண்டாம், யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம், வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள்.

வாடகை, பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து மூன்று பேராகப் போனபோது ஆளுக்கு 25 யூரோவுக்குள் முடிந்தது. நிறுத்துமிடம் இலவசம்.

5. பைக்குள் என்ன

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர். வழியில் நம்பிக் குடிக்க ஊற்று கிடையாது. தேங்கிய நீரைத் தொடவேண்டாம், இந்தத் தீவில் எலிக்காய்ச்சல் உண்டு, காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் மிதிக்கும் முன் நன்றாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஷூ அடிப்பாகம் பிடிமானம் உள்ளதாக இருக்கவேண்டும். வழியெல்லாம் வேர், மரக்கட்டைப் படி, சேறு. ஓட்டப்பந்தய ஷூவின் அடி தேய்ந்திருந்தால் இறங்கும்போது உட்கார்ந்தே வருவீர்கள். கிளம்பும் முன் அதைக் கழுவுங்கள், பழைய மண்ணில் ஒட்டிய விதைகள் இந்தக் காட்டில் களையாக முளைத்துத் தொல்லை கொடுக்கின்றன.

தலைவிளக்கு கட்டாயம், செல்போன் வெளிச்சம் போதாது. மழைச்சட்டை, கம்பளிச்சட்டை, தொப்பி, வெயில் கிரீம், விசில், மாற்று சாக்ஸ், தங்கநிறத்தில் பளபளக்கும் உயிர்காப்புப் போர்வை (மருந்துக்கடையில் சில யூரோதான்). 1:25,000 அளவு வரைபடங்கள் தீவு முழுவதற்கும் ஆறு தாள்கள் உண்டு, உங்களுக்கு வேண்டியது 4402 எண் தாள். நான்கு சென்டிமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். போன் செயலி போதாதா என்று கேட்பீர்கள். குளிரில் பேட்டரி எப்படி இறங்கும் என்று ஒருமுறை பார்த்தால் கேட்கமாட்டீர்கள்.

சாப்பாட்டுக்கு என் ஓட்டு புளியோதரைக்குத்தான். கெடாது, குளிர்ந்தாலும் ருசி. கூடவே முந்தின நாள் வாங்கிய போன்போன் பிமான் நாலைந்து, நம் வடையின் தூரத்துச் சொந்தம் அது. வாழைப்பழம், கடலை மிட்டாய். தோலையும் தாளையும் திரும்பக் கொண்டுவரத் தனிப் பை எடுத்துக்கொள்ளுங்கள், வழியில் குப்பைத்தொட்டியை எதிர்பார்க்காதீர்கள்.

6. நேரக் கணக்கு

இங்கே மேகம் ஒரு அலுவலகக்காரன் மாதிரி, ஒன்பது பத்து மணிக்கு வந்து உட்கார்ந்துவிடும். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, ஈரக்காற்று மேலே எழும்பி மேகமாகிறது. அதனால் உச்சியில் ஒன்பதுக்கு முன்னால் இருக்கவேண்டும். பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: ஏற மூன்றிலிருந்து மூன்றரை மணி நேரம். ஆக ஐந்து மணிக்கு நடக்க ஆரம்பிக்கவேண்டும். நாலேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும். ஜூலையில் சூரியன் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் வரும், முதல் ஒன்றரை மணி நேரம் இருட்டு. டிசம்பரில் ஐந்தரைக்கே வெளிச்சம், ஆனால் மழை.

இறங்க இரண்டரை மூன்று மணி நேரம். மதியம் ஒன்றுக்குள் காருக்கு வந்துவிடலாம். தாமதமானாலும் ஜூன், ஜூலையில் மாலை 5.45க்குச் சூரியன் மறைந்துவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருட்டும்.

நாலு மணிக்கு எழுந்திருக்கவே முடியாது என்பவர்கள் வழியிலுள்ள பிளேன் தே ஷிக்கோ ழீத்தில் ஓர் இரவு தங்கலாம். மலைத்தங்குமிடத்துக்கு இங்கே ழீத் என்று பெயர். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். குளிர்கால வாரக்கடைசிகள் வெகு முன்பே நிரம்பிவிடும்.

7. பாதையில்

ஆரம்பத்தில் நெட்டையாக, நெருக்கமாக நிற்பவை கிரிப்டோமேரியா, ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அதைத் தாண்டியதும் இந்தத் தீவின் சொந்தக் காடு. கலுமே என்னும் மூங்கில் இரண்டு பக்கமும் வளைந்து கூரை போடும், பிறகு தமரேன் மரங்கள். பெயரைக் கேட்டுப் புளியமரம் என்று நினைத்துவிட்டேன், புளி தேடிப் பார்க்கவும் செய்தேன். இது அகேசியா வகை, நம் வேல மரத்துக்கு உறவு. பாசி தொங்கும் கிளைகளோடு புயலுக்குச் சாய்ந்தும் விழுந்தும் கிடந்தபடியே வளர்கிறது.

சுமார் இரண்டு மணி நேரத்தில், ஏறக்குறைய 1,800 மீட்டரில் ழீத் வரும். இங்கே உட்கார்ந்து பத்து நிமிடம் சாப்பிடுங்கள், உங்கள் கால்களை நேர்மையாக விசாரியுங்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் இங்கிருந்தே திரும்பினாலும் நல்ல நடைதான்.

துய்-துய் என்ற சாம்பல் நிறப் பறவை உலகத்திலேயே இந்த மலைத்தொகுதியில் மட்டும்தான் இருக்கிறது, அதன் முட்டைகளையும் குஞ்சுகளையும் எலிகள் தின்றுவிடுகின்றன. எலிப்பொறிகள் கண்ணில் பட்டால் தொடவேண்டாம், சோற்றுப்பருக்கையையும் போட்டுவிட்டு வரவேண்டாம். துய்-துய்யைப் பார்ப்பது அதிர்ஷ்டம், நான் பார்க்கவில்லை. தெக்-தெக் என்ற குட்டிப்பறவை மட்டும் பயமில்லாமல் கூடவே தத்தி வரும். பாம்பு பயம் வேண்டாம், விஷப்பாம்பு இந்தத் தீவில் இல்லை.

ழீத்துக்கு மேலே மரம் குள்ளமாகிப் புதராகும், பிறகு வெறும் எரிமலைப் பாறைத்தளம். இங்கே மண்பாதை கிடையாது, பாறையில் பூசிய வெள்ளைக் குறிகளைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும். மேகம் மூடினால் அடுத்த குறி தெரியாது. ஒரு குறியை விட்டு அடுத்ததைக் கண்ணால் பார்க்காமல் நகராதீர்கள், தெரியவில்லையென்றால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மழையில் பாறை வழுக்கும்.

உச்சியில் ஒரு பக்கம் சலாசி பள்ளத்தாக்கு, இன்னொரு பக்கம் மஃபாத் பள்ளத்தாக்கு, நேரெதிரே தீவின் மிக உயர்ந்த மலையான பித்தோன் தெ நேஜ். கைப்பிடி கிடையாது, விளிம்புக்கு அப்பால் பல நூறு மீட்டர் நேர்ப்பள்ளம். செல்ஃபிக்குப் பின்னால் நகர்கிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வையுங்கள். அன்று அங்கே உட்கார்ந்திருந்த ஒரு வயதான மல்பார் தம்பதி (தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்), நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு 'வணக்கம்' என்றார்கள், அவர்களுக்குத் தெரிந்த தமிழ் அதோடு சரி, மீதி இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். அந்த அம்மா எங்கள் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் தன் அத்தை செய்வது மாதிரி இருக்கிறது என்றார்.

8. எப்போது திரும்புவது, யாரைக் கூப்பிடுவது

பத்தரை மணி வரை உச்சி வரவில்லையென்றால் திரும்புங்கள் என்பது என் கணக்கு. ழீத்துக்கு மேலே அடர்ந்த மேகம் வந்துவிட்டாலும் அப்படித்தான். பார்க்க எதுவும் இருக்காது, தொலைந்துபோக மட்டும் வசதியாக இருக்கும்.

தனியாகப் போகாதீர்கள். போனால், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டுப் போங்கள். விபத்தென்றால் 112. சிக்னல் விட்டுவிட்டு வரும், ஆனால் உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனக் கோபுரம் வழியாக இந்த எண் போகும். மலைமீட்புக் காவலர்கள் ஹெலிகாப்டரில் வருவார்கள். பிரெஞ்சு தடுமாறினால் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'ழெ சுய் சுர் லெ சந்தியே த லா ரோஷ் எக்ரித்', அதாவது நான் ரோஷ் எக்ரித் பாதையில் இருக்கிறேன். காயம்பட்டவர் என்பதற்கு 'பிளெசே'. ழீத்துக்கு மேலேயா கீழேயா என்பதையும் சொல்லுங்கள், தேடும் நேரம் பாதியாகும். ஹெலிகாப்டர் கண்ணில் பட்டால் இரண்டு கையையும் மேலே தூக்கி ஒய் வடிவில் நில்லுங்கள், உதவி வேண்டும் என்று அர்த்தம். சும்மா சந்தோஷத்துக்குக் கையாட்டாதீர்கள்.

9. இறங்கிய பிறகு

இறக்கத்தில்தான் முழங்கால் கேள்வி கேட்கும். ஊன்றுகோல் இருந்தால் இப்போது எடுங்கள். எதிரே ஏறி வருகிறவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு 'போன்ழூர்' சொல்லுங்கள், இங்கே பாதையில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்வார்கள், சொல்லாமல் போனால்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள்.

வாடகைக் காருக்குள் சேற்று ஷூவோடு ஏறாதீர்கள், சுத்தம் செய்யும் கட்டணம் என்று தனியாகப் போடுவார்கள். ஒரு பழைய செய்தித்தாளும் செருப்பும் டிக்கியில், வெளியே தெரியாமல். அப்புறம் ஞாயிறு மதியம் என்றால் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், பசியோடு ஊருக்குள் சுற்றுவதற்குப் பதில் கிளம்பும் முன்பே வீட்டில் ரசம் வைத்துவிட்டு வருவது உத்தமம்.